பழைய காரை மாற்றலாமா, அப்படியே வைக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் நடக்கும் வாக்குவாதம்தான் இந்த முறை பல கடிதங்களில் வந்திருக்கிறது. அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 1968ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2. என் தகப்பனார் வாங்கியது. ஆர்.சி. புத்தகம் முதல் ஜாக்கி வரை எல்லாம் இருக்கிறது, வண்டியும் ஓடுகிறது. இசுஸு இன்ஜின், ஐந்து கியர், முன்சக்கர டிஸ்க் பிரேக், அலாய் வீல் எல்லாம் போட வேண்டும் என்கிறான் என் மகன். ஒரு போல்ட்டைக்கூடத் தொடக்கூடாது என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?
– வாசகர், சேலம்

இன்ஜின் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பிரேக் விஷயத்தில் மகன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அலாய் வீல் வேண்டவே வேண்டாம்.

எந்த மாற்றத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நாளைக்கு மனம் மாறினால் இதைக் கழற்றிவிட்டுப் பழையதை அப்படியே மாட்ட முடியுமா? முடியும் என்றால் அது சேர்ப்பு. தகட்டை அறுத்து, புதிதாக ஓட்டை போட்டு, வெல்டிங் வைத்தால்தான் நடக்கும் என்றால் அது இழப்பு. துண்டு துண்டாகக் கிடந்த வண்டியில் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். ஜாக்கி வரை முழுதாக இருக்கும் வண்டியில் கூடாது.

உங்கள் காரில் இருப்பது 1489 சி.சி. பி-சீரிஸ் இன்ஜின்; பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வடிவமைப்பு. கியர் லீவர் ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது. இசுஸுவின் 1817 சி.சி. இன்ஜினோடு வரும் ஐந்து கியர் பாக்ஸுக்கு லீவர் தரையில். ஆகவே நடுத் தரைமேட்டை அறுக்க வேண்டும். இன்ஜின் தாங்கிகளை இடம் மாற்றி வெல்டிங் செய்ய வேண்டும். பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டி நீளம் திருத்தி, பேலன்ஸ் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டி முழுக்க அதிரும், பின்னால் ஜாயின்ட் கிராஸ் அடிக்கடி போகும். ரேடியேட்டர், கிளட்ச் இணைப்பு, சைலன்சர் குழாய் என்று வேலை நீண்டுகொண்டே போகும். 'கம்பெனியே பிற்பாடு இசுஸு போட்டதுதானே' என்பார்கள். போட்டது உண்மை. ஆனால் இன்ஜினோடு கியர் பாக்ஸ், பிரேக், தாங்கிகள் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றித்தான் போட்டது. பட்டறையில் பெரும்பாலும் இன்ஜின் மட்டும் மாறும். நிறுத்தும் சக்தி 1968லேயே நின்றுவிடும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ரக இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம். அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வேகம் போதவில்லை என்பதுதான் மகனின் குறை என்றால், இருக்கிற இன்ஜினைப் பிரித்து போரிங், பிஸ்டன், வால்வு சீட், டைமிங் செயின் எல்லாம் ஒழுங்காகச் செய்யுங்கள். பல அம்பாசிடர்கள் இழுக்காமல் போவதற்குக் காரணம் இன்ஜின் சிறியது என்பதல்ல. தேய்ந்த இன்ஜினோடு காலம் தள்ளுவதுதான்.

இனி பிரேக். 1968 வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரைக்குப் போய்விடும். பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுப்பது மாஸ்டர் சிலிண்டர்; அதில் இரட்டைச் சுற்று கொண்ட டேண்டம் ரகத்தைப் போடுவதை நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம். அதற்கான தாங்கியை வெல்டிங் இல்லாமல், ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளிலேயே போல்ட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். டிஸ்க் என்றால், பிந்தைய அம்பாசிடரில் கம்பெனி கொடுத்த முன் டிஸ்க் உதிரிகளைத் தேடுவதே முதல் வழி. வேறு காரின் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஏதோ ஒரு தகட்டில் தொங்கவிடுவது ஆபத்து.

டிஸ்க் மாற்றும் இடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. டிரம் பிரேக்குக்கான பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சிறிய வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் குழாயில் 8 முதல் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். வீல் சிலிண்டர் ரப்பர் காற்றை உள்ளே இழுக்காமல் இருப்பதற்காக. அந்தக் குழாயிலேயே டிஸ்க்கை மாட்டினால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பத்து கிலோமீட்டரில் டிஸ்க் கொதிக்கும், எண்ணெயும் கொதிக்கும், பெடல் பஞ்சாகிவிடும். முன் சுற்றில் அந்த வால்வு இருக்கக்கூடாது. பின் டிரம் சுற்றில் கட்டாயம் இருக்க வேண்டும். மோரிஸ் மைனர் போல மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே இருக்கும் கார்களில் மட்டும், எண்ணெய் திரும்பி வடியாமலிருக்க டிஸ்க் சுற்றில் 2 பி.எஸ்.ஐ. வால்வு தேவை.

ஆனால் டிஸ்க்குக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், இருக்கும் டிரம்மை ஒருமுறை சரியாகச் செய்து பாருங்கள். டிரம்மை லேத்தில் பிடித்து நீள்வட்டம் இருக்கிறதா என்று பார்த்து, ஷூவை அந்த டிரம்மின் வளைவுக்கே உரசி எடுக்க வேண்டும். எல்லா ஹோஸையும் மாற்ற வேண்டும். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். எண்ணெய் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிது. இவ்வளவையும் செய்த அம்பாசிடர், ஊருக்குள் ஓட்டுவதற்கு நேராகவும் நம்பிக்கையாகவும் நிற்கும்.

அலாய் வீல் வேண்டாம் என்றதற்குக் கணக்கு இருக்கிறது. உங்கள் 5.90-15 டயருக்கு நெருங்கிய ரேடியல் 165/80 ஆர்15. அதன் விட்டம் சுமார் 645 மி.மீ. அலாய் வீலில் வழக்கமாகப் போடும் 185/55 ஆர்15 டயரின் விட்டம் 585 மி.மீ.தான். வண்டி 30 மி.மீ. தாழும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மை வேகம் 72தான் இருக்கும். ஏற்கெனவே நெடுஞ்சாலையில் கத்தும் இன்ஜின் இன்னும் பத்து சதவீதம் கூடுதலாகச் சுற்றும்.

எதைக் கழற்றினாலும் எடைக்குப் போடாதீர்கள். எங்கே இருந்தது, எந்தப் பக்கம், எத்தனை வாஷர் என்று எழுதித் தகட்டு அட்டை கட்டி, கிரீஸ் பூசி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பெட்டி காரோடுதான் கைமாற வேண்டும்.

கேள்வி: 1985 பத்மினி வைத்திருக்கிறேன். இது விண்டேஜ் காரா? புது நம்பர் பிளேட் கிடைக்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

சட்டப்படி இன்னும் இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்த, வாடகைக்கு ஓடாத சொந்த உபயோக இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்குத்தான் விண்டேஜ் பதிவு. உங்களுக்கு 2035 வரை காத்திருப்பு. புதிய பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும். ஏற்கெனவே பதிவில் இருக்கும் வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பழங்கார் பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி ஆபீஸ் போவதற்கு அந்தப் பதிவு இல்லை.

இன்றைக்கே நீங்கள் கவனிக்க வேண்டிய வரி ஒன்று அந்த விதியில் இருக்கிறது. சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். 2035இல் விண்ணப்பிக்கும்போது தடையாக நிற்கப்போவது இந்த வருடம் பட்டறையில் செய்யும் அறுப்பு வேலைதான். உலகப் பழங்கார்க் கூட்டமைப்பான ஃபிவா 30 ஆண்டு நிறைந்த வண்டியையே வரலாற்று வாகனம் என்று ஏற்கிறது. ஆனால் 'விண்டேஜ்' என்ற பெயரை 1919 முதல் 1930 வரை வந்த கார்களுக்கு மட்டும் கொடுக்கிறது. உங்கள் பத்மினியை கிளாசிக் என்று சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட, ஒரு பழைய அம்பாசிடரின் டாப்பை அறுத்துத் திறந்த கார் ஆக்கலாம் என்று இருக்கிறேன். டிங்கர் ஒருவர் மூன்று நாள் வேலைதான் என்கிறார்.
– வாசகர், மதுரை

மூன்று நாளில் அறுக்கலாம். அதற்குப் பிறகு அது கார் இல்லை.

அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, பக்கவாட்டு அடிப்பெட்டி, கதவுத் தூண்கள், டாப்பு எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. மூடிய பெட்டியின் மூடியை எடுத்தால் எப்படி ஆடுமோ அப்படித்தான் ஆகும். நான்கு பேர் ஏறியதும் நடுப்பகுதி தொய்யும். முன்கதவின் பின் விளிம்பு இறங்கிப் பூட்டில் இடிக்கும். முன் கண்ணாடியின் கீழ் மூலைகளில் ஸ்பாட் வெல்டிங் ஒவ்வொன்றாக விடும், கண்ணாடி விரியும். ஏற்கெனவே அறுத்த வண்டியை வாங்கப் போகிறவர்கள் ஒரு சோதனை செய்யலாம்: ஒரு பக்கம் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள், பிறகு அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். திறக்கவில்லை என்றாலோ, திறந்து மூட மறுத்தாலோ வாங்காமல் நடையைக் கட்டுங்கள்.

முறையாகச் செய்வதென்றால், அறுப்பதற்கு முன்பே உள்ளே சதுரக் குழாயால் குறுக்குக் கட்டு போட்டு வடிவத்தைப் பிடிக்க வேண்டும். அடிப்பெட்டியின் உள்ளே முழு நீளத்துக்கும் 2 மி.மீ. தகடு சேர்க்க வேண்டும். தரைக்குக் கீழே எக்ஸ் வடிவச் சட்டம், முன் தூணின் அடியில் முக்கோணத் தாங்கி. இவ்வளவும் கூடுதல் எடை, பெரிய செலவு. முடித்த பிறகும் ஆர்.சி.யில் மூடிய கார் என்று இருக்கும். சாலையில் திறந்த கார் ஓடும். விபத்து என்று வந்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது இந்த வேறுபாட்டைத்தான். மேலே உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளையும் பெண்ணும்.

திறந்த கார்தான் வேண்டும் என்றால், திறந்த வண்டியாகவே பிறந்த பழைய வில்லிஸ் ஜீப் இருக்கிறது. ஜீப் சேசிஸில் ஃபைபர் மட்கார்டும் பெரிய விளக்கும் வைத்து '1930 மாடல்' என்று ஓட்டுகிறார்கள். அலங்கார வண்டியாகக் காட்டுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அதையே விண்டேஜ் கார் என்று விலை பேசி விற்பது மோசடி. வாங்குகிறவர்கள் சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்கக்கூடாது.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன். 5.20-13 டயர் கிடைக்கவில்லை. 14 அங்குல வீல், 185 டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், தாம்பரம்

நம் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவான கார். அதை வைத்திருப்பதற்கு முதலில் வாழ்த்து. 185 வேண்டாம். ஹெரால்டின் ரிம் 3.5 அங்குல அகலம்தான். அதற்கு 145 ஆர்13 அளவு ரேடியல் பொருந்தும், 155 வரை போகலாம். பழைய ரிம்மில் டியூப்லெஸ் டயரைப் பிடித்து வைக்கும் உள்மேடு இல்லை; டயர் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் உள்ளே டியூப் போட்டே ஓட்டுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். முன்னால் ரேடியல், பின்னால் பழைய கிராஸ்பிளை என்று கலந்தால் வளைவில் பின்பக்கம் வழுக்கி வெளியே போகும்.

அகல டயர் இந்தக் காரில் ஏன் ஆபத்து என்றால், பின் ஆக்சில் இரண்டு பக்கமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு. வேகமாக வளைவில் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். டயர் எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு அதிகம் மடங்கும். மெல்லிய டயர் வழுக்கிக்கொண்டு போயிருக்கும் இடத்தில், அகல டயர் காரைத் தூக்கிவிடும். ஹெரால்டின் நிதானமான நடைக்கு அந்த மெல்லிய சக்கரம்தான் கணக்கு.

டயரைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்ல வேண்டும். முன்சக்கரத்தின் கீழ்ப்பக்கம் பித்தளையில் மரை வெட்டிய ட்ரனியன் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைக்குள்தான் செங்குத்துத் தண்டு சுற்றுகிறது. அதற்குக் கம்பெனி சொன்னது கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். பட்டறையில் மற்ற நிப்பிள்களோடு சேர்த்து இதற்கும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் அடி வரை இறங்காது. நாளடைவில் கட்டியாகி வழியை அடைக்கும். மழைத்தண்ணீர் புகுந்து தண்டில் துரு அரிக்கும். ஒரு நாள் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது தண்டு முறிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் படுத்துவிடும். பழைய கிரீஸைப் பிரித்துக் கழுவி எடுத்து, எண்ணெய் கன் கொண்டு மேல் சீலில் கசியும் வரை ஆயில் ஏற்றுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. கம்பெனி சொன்னபடியே வைத்துக்கொள்வது உயிர் காக்கும் இடம் இது.

கேள்வி: 1953 மோரிஸ் மைனர். இரவில் விளக்கு மங்கல். ஹாலோஜன் பல்பு, ஆல்டர்னேட்டர் போட்டால் ஒரிஜினல் கெட்டுவிடுமா? பாசிட்டிவ் எர்த் வேறு குழப்புகிறது.
– வாசகர், நாகர்கோவில்

முதலில் கூட்டிப் பாருங்கள். 60/55 வாட் ஹாலோஜன் இரண்டு எரிந்தால் 120 வாட். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். பின்விளக்கு, வைப்பர், இக்னிஷன், எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் எல்லாம் சேர்ந்தால் இன்னும் 7, 8 ஆம்பியர். உங்கள் லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 19 முதல் 22 ஆம்பியர். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது அநேகமாக ஒன்றுமே கொடுக்காது. இரவு முழுக்க ஓட்டாதவருக்கு டைனமோவே போதும்.

மங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் பல்பு இல்லை, வழியில் விழும் வோல்ட்டேஜ். விளக்கை எரியவிட்டு, பல்பு முனையிலும் பேட்டரியிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சுவிட்சும் எர்த்தும்தான் குற்றவாளி. மட்கார்டுக்குப் பின்னால் ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர் இழுத்து, எர்த்தைத் தனி வயரில் கொண்டுபோனால் பழைய பல்பே வேறு வெளிச்சம் தரும். ரிலேயை ஏற்கெனவே இருக்கும் போல்ட்டில் தொங்கவிடுங்கள், ஓட்டை போடாதீர்கள். பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால் அது அறுந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அந்த இடத்தில் இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸ் போகும் முன் வயர் எரியும்.

பாசிட்டிவ் எர்த் என்றால் பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருப்பது; நெகட்டிவ் எர்த் அதற்கு நேர் எதிர். ஆல்டர்னேட்டர் தேவைப்பட்டால் நெகட்டிவ் எர்த் ஆக்கித்தான் தீர வேண்டும். டைனமோவை வைத்துக்கொண்டே மாற்றுவதும் எளிது. பேட்டரியைத் திருப்பி வைத்துக் கிளாம்ப்களை மாற்றுங்கள். பாசிட்டிவ் முனை கொஞ்சம் தடிமன் என்பதால் பழைய கிளாம்ப் அப்படியே உட்காராது. இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன வயர்களை இடம் மாற்றுங்கள். ஆம்மீட்டர் இருந்தால் அதன் வயரையும் மாற்றுங்கள். பிறகு டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் லைவ் முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் சின்ன முனையான எஃப் மீது இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டு எடுங்கள். சிறு பொறி வரும்; காந்தம் திரும்பிவிட்டது என்று பொருள். இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டு இன்ஜினை ஓட்டினால், டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்டவுட் ரிலே கருகிவிடும். பாயின்ட் வைத்த பழைய எஸ்.யூ. பெட்ரோல் பம்ப்புக்கு எந்த முனையும் ஒன்றுதான். உள்ளே டயோடு வைத்த புதிய பம்ப் என்றால் வயரைத் திருப்ப மறக்காதீர்கள். பானெட் பூட்டுக்குப் பக்கத்தில் 'நெகட்டிவ் எர்த்' என்று எழுதி ஒட்டுங்கள். அடுத்த எலக்ட்ரீஷியனுக்கு அது தெரிய வேண்டும்.

கேள்வி: இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்த பிறகு பத்மினி திணறுகிறது. ஒரிஜினல் உதிரிகளோடு ஓட்ட முடியாதா?
– வாசகர், ஈரோடு

ரப்பரில் ஒரிஜினல் பிடிவாதம் வேண்டாம். எத்தனால் பழைய ஹோஸையும் பம்ப் டயாஃபிரத்தையும் ஊறவைத்துக் கரைக்கும்; கரைந்த கருப்புத் தூள் கார்புரேட்டரின் பெட்ரோல் துளையான ஜெட்டை அடைக்கும். சூடான சைலன்சருக்கு மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ், விட்டான் ரப்பர் ஊசிமுனை, புது டயாஃபிரம். இவை வெளியே தெரியாது, காரின் மதிப்பும் குறையாது.

திணறுவதற்குக் காரணம் கலவை மெலிவது. ஒரே காற்றுக்கு இ20 சுமார் 7 சதவீதம் கூடுதலாக வேண்டும். சோலெக்ஸ் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டில் உள்ள எண், துளையின் விட்டத்தை மி.மீ.யில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. 120 இருந்தால் 125 போட்டாலே துளையின் பரப்பு எட்டு சதவீதம் கூடும், அது போதும். ஜெட்டைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். பழைய ஜெட்டைப் பெட்டியில் வையுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் பிரிந்து அடியில் நின்று டேங்கைத் துளைக்கும்.

2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது பலருக்கு மறந்தே போய்விட்டது. ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குக் காவல். சீட் தேய்ந்தால் வால்வு மேலேறி டாப்பெட் இடைவெளி குறையும். அம்பாசிடரில் 0.015 அங்குலம், ஹெரால்டில் 0.010. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் எக்ஸாஸ்ட் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், ஹெட்டைக் கழற்றிக் கடினச் சீட் பதிக்கும் நேரம் வந்துவிட்டது.

கேள்வி: பழைய ஃபியட் 1100 ஒன்று விலைக்கு வருகிறது. இரட்டைக் கார்புரேட்டர், ஃபைபர் பானெட், உள்ளே குழாய்க் கூண்டு. சோழவரத்தில் ஓடிய வண்டி என்கிறார்கள். வாங்கி ஒரிஜினல் ஆக்குவதற்கு எவ்வளவு ஆகும்?
– வாசகர், கோயம்புத்தூர்

தயவுசெய்து ஒரிஜினல் ஆக்கிவிடாதீர்கள்.

சென்னைக்கு வடக்கே சோழவரம் பழைய விமானத் தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில், நம் ஊர் மெக்கானிக்குகள் கையால் வேலை செய்த ஃபியட்டும் ஹெரால்டும் ஓடின. இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முந்தைய காலம். வெளிநாட்டு உதிரி எளிதில் கிடைக்காத நாட்களில் ஹெட்டைச் செதுக்கி, எக்ஸாஸ்ட்டைக் கையால் வளைத்து, ஃபிளைவீலைக் கடைந்து எடை குறைத்த கைவேலை அது. அந்தக் காருக்கு அந்த மாற்றமே வரலாறு. தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவில் ஃபியட் எத்தனையோ மிஞ்சியிருக்கின்றன. சோழவரம் ஃபியட்டைப் பிரித்துச் சாதாரண ஃபியட் ஆக்கினால், இருக்கும் ஒன்றை அழித்து, இல்லாத ஒன்றைச் செய்வதாகும்.

ஆனால் 'ஓடிய வண்டி' என்பதை வாய் வார்த்தையில் நம்பக்கூடாது. பந்தயப் பதிவுத்தாள், அந்நாளைய புகைப்படம், பரிசோதனை ஒட்டுவில்லை, பழைய பந்தய எண்ணின் பெயின்ட் அடுக்கு, இவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும். கூண்டுக் குழாயின் வெல்டிங்கைப் பாருங்கள். அடிப்பாதம் தரைத் தகட்டில் நேராக வெல்டிங் செய்யாமல், தனித் தகட்டின் மேல் நிற்கிறதா? பெயின்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருக்கிறதா? நேற்று வைத்த வெல்டிங் கண்ணுக்குத் தெரியும்.

வாங்கிய பின் முதல் வேலை ஹெட்டின் குழியளவு பார்ப்பது. 1089 சி.சி. இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 272 சி.சி. ஒன்பதுக்கு ஒன்று அழுத்தம் என்றால், பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடம் 34 சி.சி. பத்துக்கு ஒன்று என்றால் 30 சி.சி. நான்கு சி.சி.யில்தான் இன்ஜின் பிழைப்பதும் உடைவதும் இருக்கிறது. ஹெட்டைத் தலைகீழாக வைத்து, கண்ணாடித் தகட்டால் மூடி, ப்யூரெட்டில் மண்ணெண்ணெய் விட்டு நான்கு குழியையும் அளந்து, கேஸ்கட் கனத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதிகமாகச் செதுக்கியிருந்தால் தடித்த கேஸ்கட் போட்டு இறக்கலாம். ஹெட்டை மாற்ற வேண்டியதில்லை. சாலையில் ஓட்டும் முன் ஆர்.சி. எந்த நிலையில் இருக்கிறது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பந்தய வண்டியாக இருந்த பலவற்றின் பதிவு காலாவதியாகியிருக்கும்.

கேள்வி: 'முழு ஒரிஜினல் பெயின்ட்' என்று விற்கிறார்கள். கண்டுபிடிப்பது எப்படி?
– வாசகர், காரைக்குடி

பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். தொழிற்சாலைப் பெயின்ட் சுமார் 80 முதல் 150 மைக்ரான் இருக்கும். 300 தாண்டினால் மறுபடி அடித்தது. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி. சாதாரணக் காந்தத்தில் மெல்லிய துணி சுற்றி மட்கார்டின் கீழ் விளிம்பு, கதவின் அடி, டிக்கியின் மூலை இங்கெல்லாம் ஒட்டிப் பாருங்கள். பட்டி 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் பிடி தளரும். கதவு ரப்பரைக் கொஞ்சம் விலக்கி அடியில் என்ன நிறம் என்று பாருங்கள். மங்கிப்போன, அங்கங்கே தேய்ந்த பழைய பெயின்ட்டை அழித்து மெட்டாலிக் அடித்துவிட வேண்டாம். பாலிஷுக்கும் மெழுகுக்கும் அது எவ்வளவு மீளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: அம்பாசிடரில் போல்ட்டு மரை அடிக்கடி போகிறது. எல்லாவற்றையும் மெட்ரிக் ஆக்கிவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

வேண்டாம். மரை போவதற்குக் காரணமே யாரோ பாதியை மெட்ரிக் ஆக்கியதுதான். உங்கள் வண்டியில் பெரும்பாலும் யு.என்.எஃப். எனும் அங்குலக் கணக்கு நெருக்க மரை. 5/16 அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; எம்8 போல்ட் 8 மி.மீ. கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதலாவது அங்குலத்துக்கு 24 மரை, அதாவது மரைக்கு மரை 1.06 மி.மீ.; இரண்டாவது 1.25 மி.மீ. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும். 'நல்லா டைட்டா இருக்கு' என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை செத்துவிடும். சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் யு.என்.எஃப். போல்ட்டு இன்றும் தேடினால் கிடைக்கிறது. மரை அளவி ஒன்று வாங்கி, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அளந்து பாருங்கள். தலையில் 8.8 என்று இருந்தால் அது மெட்ரிக், பின்னால் வந்தது. செத்த மரையைப் பெரிய அளவுக்குத் துளைத்து விடாமல், அதே அளவு ஹெலிகாயில் (மரைக்குள் பதிக்கும் கம்பிச் சுருள்) பதித்துப் பழைய போல்ட்டையே மாட்டுங்கள். போல்ட்டு கையால் நான்கு சுற்று தடையில்லாமல் ஏறிய பிறகுதான் ஸ்பேனர்.